ஏழாவது விதி

குளுவாங் ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, நான்தான். ரப்பர் தோட்டங்களுக்குப் பால் உறைய வைக்கிற திராவகமும், பால் பிடிக்கிற மங்கும் விற்கிற கம்பெனி. தோட்டம் தோட்டமாகப் போய் ஆர்டர் பிடித்துவர மூன்று பேர் இருந்தார்கள். அதில் அர்ச்சுனனுக்கு லாபிஸ் பக்கம். அவன் அக்கா ராசம்மா அங்கே ஒரு தோட்டத்தில், கூலிகள் குடியிருக்கிற லயத்து வீட்டில் இருந்தாள். போகும்போதெல்லாம் அவள் வீட்டில்தான் சோறு, படுக்கை.

முப்பத்து நாலாம் வருஷம் புதுத் துரை வந்தார். கம்பெனி ஆள் கூலி லயத்தில் படுத்து எழுந்து வருவதாவது என்று முகம் சுளித்தார். வெளியூர் போகிறவர்களுக்கு விதிகள் எழுதச் சொன்னார். லாபிஸில் ரயிலடிக்குப் பக்கத்துப் பங்களாவில்தான் தங்க வேண்டும், அவரே தங்கியிருக்கிறாராம், படுக்கை நன்றாக இருக்குமாம்.

வெள்ளைக்காரர், அவருக்கு இருக்கும். நம்மவர்களை அந்தப் படியில் கால் வைக்க விடமாட்டார்கள். "சார், அங்கே நாங்கள்..." என்று ஆரம்பித்தேன். துரை தலையைத் தூக்கினார். "எஸ் சார்" என்று முடித்துவிட்டேன்.

ஆறு விதிகள் அவர் சொன்னவை. லயத்தில் தங்கினால் வேலை போகும் என்பது ஆறாவது. ஏழாவது என் சொந்தச் சரக்கு. பங்களா ரசீது கொண்டுவராதவர் அந்த ஊருக்குப் போகவே இல்லை என்று கொள்ளப்படும். துரை படித்துவிட்டு "குட்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் படாமல் திரிந்தேன். வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

அர்ச்சுனன் தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். "ஐயா, பங்களாவுல நம்மள விடமாட்டாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

"கேட்டுப் பாரு லா. ரூம் இல்லன்னு ஒரு சீட்டாச்சும் எழுதி வாங்கிட்டு வா."

பங்களாக்காரன் ரூம் இருக்கிறது, உனக்கு இல்லை என்றானாம். அதையும் எழுதித் தரமாட்டானாம். அக்கா வீட்டுக்குப் போனால் ஆறாவது விதி. ரயிலடி பெஞ்சில் மழைச் சாரலில் உட்கார்ந்தபடியே விடிய வைத்திருக்கிறான். மூன்று தோட்டத்து ஆர்டரோடும் காய்ச்சலோடும் வந்து நின்றான். ரசீது மட்டும் இல்லை.

துரை பென்சிலால் ஏழாவது விதியைத் தட்டி, போகாத ஊருக்குப் போனதாகச் சொல்பவனுக்கு இங்கே வேலை இல்லை என்றார். நடந்ததைச் சொன்னேன். "எழுதும்போதே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். ஒருவனுக்காக மாற்றினால் அதற்குப் பெயர் விதியா என்றும் கேட்டார். வேலை நீக்கக் கடிதத்தை நானே டைப் அடித்தேன்.

அர்ச்சுனன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அக்காகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன். நீங்க சொல்லிறாதீங்கய்யா" என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

மறுவாரம் லாபிஸுக்கு என்னையே அனுப்பினார் துரை. பங்களாக்காரன் என் கோட்டைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான். "தாக் அடா", இடம் இல்லை என்று மலாயில் சொல்லிக் கதவைச் சாத்தினான். ரயிலடிக்கு வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்து மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

கம்பெனி ஆள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, தம்பிதான் என்று நினைத்து ராசம்மா தூக்குச்சட்டியோடு வந்தாள். தம்பிக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் என்று என்னை அவளுக்குத் தெரியும்.

"ஐயா, தம்பி வரலியா? போன வாரம் இங்க வந்தும் வீட்டுக்கு வராமப் போயிட்டான்னு சொல்றாங்க. எம்மேல ஏதும் கோவமா?"

"இல்லம்மா. கொஞ்சம் காய்ச்சல்."

"கோவம் இல்லதானே? போன தடவ புள்ளைங்களுக்கு வாங்கிட்டு வந்தத எதுக்குடா செலவுன்னு வஞ்சிட்டேன். அதான் கேட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, நீங்க வாங்க. மழ வருது. லயத்துல வந்து படுங்க."

"இங்கயே இருந்துக்கிறேம்மா."

"நம்ம வீட்டுல எல்லாம் படுக்க மாட்டீங்க, என்ன" என்றாள். சட்டியைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனாள்.

மழை பிடித்துக்கொண்டது. சட்டியைத் திறந்தேன். அர்ச்சுனனுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. நான் எழுதிய விதியால் வேலை போனவனுக்கு ஆக்கிய சோறு. தொண்டையில் இறங்காது என்று நினைத்தேன். இறங்கியது. சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.