பாவாத்தாள் கை வைத்தால் கிளம்பும் லாரி

1938ஆம் ஆண்டு ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில், காங்கேயம் பொங்கியண்ணனின் டீசல் லாரியைக் கிளப்புகிற கரண்ட் அத்தனையும் அவர் மனைவி பாவாத்தாளின் உடம்பில் ஏறிக்கொண்டது. அவர்கள் தோட்டத்துக்கு இன்னும் மின்கம்பி வராததால் இது உடனே யாருக்கும் தெரியவில்லை. லாரி கிளம்பவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது. ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினால் டக் என்று ஒரு சத்தம் வந்தது, அதோடு சரி. அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வந்து தள்ளிப் பார்த்தார்கள். அது அசைந்தால்தானே? கோயமுத்தூர் மில்லுக்குப் போக வேண்டிய பஞ்சுப் பொதி மேலே கிடக்க, பொங்கியண்ணன் டயரை உதைத்துக் காலை நோகடித்துக்கொண்டார். கூழ்ச் சொம்போடு வந்த பாவாத்தாள் இன்னொரு கையைப் பானட்டின் மேல் ஊன்றினாள். அவர் பட்டனை அமுக்கினார், லாரி ஓடியது. மறுநாளும் அப்படியே. வண்டியின் சாமான் பெட்டியில் கிடந்த பல்பை அவர் எடுத்துத் தரச் சொன்னபோது அது அவள் விரலிடுக்கில் பளிச்சென்று எரிந்தது. அதற்கு மேல் விசாரிக்க எதுவும் இல்லையென்று அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டார். வழியில் நிறுத்தினால் மறுபடி கிளப்ப வேண்டுமே.

கல்யாணமாகி வந்ததிலிருந்து பாவாத்தாள் சிவன்மலைக்கு அப்பால் போனவள் இல்லை. பாலக்காடு, மைசூர் என்று சுற்றுகிற புருசன் வேட்டி மாற்றத்தான் வீட்டுக்கு வருவார். பேச்சுத் துணைக்கு இரண்டு எருமைகள் இருந்தன, அவையும் அதிகம் பேசாது. இப்போது அவள் பல்லடம் சந்தையைப் பார்த்தாள், மில் புகைபோக்கிகளைப் பார்த்தாள், ஆர்.எஸ்.புரம் காப்பி கிளப்பில் இட்லி சாப்பிட்டாள். இருட்டில் பொதி இறக்கும்போது ஒரு கையில் பல்பைப் பிடித்துக்கொண்டு வெளிச்சம் காட்டினாள். வருசக்கணக்காகத் தான் வாங்கி வந்த அல்வா அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது என்பதைப் பொங்கியண்ணன் சூலூர் தாண்டும்போது தெரிந்துகொண்டார். அவ்வளவு பேசினார்கள். பொம்பளை லாரியில் போவதா என்று ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. அவளைத் தொட்டால் சுரீர் என்று ஏறி மூட்டுவலி இறங்குகிறது என்று தெரிந்த பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. பாவாத்தாள் சந்தோசமாக இருந்தாள். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம்.

அடுத்த ஆடியில் மில்லின் பஞ்சுக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ரங்கராஜ் ஒரு கேள்வி கேட்டார். "அம்மணிக்கு ஒரு காய்ச்சல் தலவலின்னா எங்களுக்குப் பஞ்சு எப்படிங்க வரும்?" நியாயமான கேள்விதான். அவரே மில் மெக்கானிக் சுந்தரராஜுலுவைக் கிடங்குக்கு வரவழைத்தார். சுந்தரராஜுலு அவசரப்படாத மனிதர். பேட்டரி ஆசிட்டைச் சோதித்தார், சரியாக இருந்தது. முன்விளக்கைப் போட்டார், நன்றாக எரிந்தது. விளக்கு எரியும்போதே ஸ்டார்ட்டரை அமுக்கச் சொன்னார், விளக்கு செத்துப்போனது. உடனே பேட்டரி முனைகளைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. ஒயரை முனையோடு பிடித்திருந்த கிளாம்ப்பைக் கழற்றினால் உள்ளே சந்தனமும் மஞ்சளும் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தன, நடுவில் குங்குமம்.

"பூசைக்கு வண்டியக் கழுவறப்பக் கழட்டி வெச்சனுங்க," என்றார் பொங்கியண்ணன். "அப்ப அம்மணி பொட்டு வெச்சுப்போட்டா."

"பொட்டு மேலயேவா கிளாம்ப்பை முடுக்குனீங்க? தொடைச்சுப்போட்டு மாட்டியிருக்கலாமில்லீங்க. கரண்ட் போறதுக்கு வழியே இல்லியே."

"பூசையில வெச்ச பொட்டை எப்படீங்க தொடைக்கறது?"

சுந்தரராஜுலுவுக்கும் அது புரியாமல் இல்லை. பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கத்தியால் சுரண்டினார். முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினார். பட்டனை அமுக்கியதும், யாரும் கை வைக்காமலே லாரி முதல் தடவையில் கிளம்பியது. ரங்கராஜ் கிடங்கு வாசலில் நின்று தலையாட்டினார்.

பாவாத்தாள் மடியில் இருந்த பல்பை எடுத்துப் பார்த்தாள். எரிந்தது. கரண்ட் போகவில்லை, வேலைதான் போயிருந்தது. தோட்டத்து வீடும் எருமைகளும் கண் முன்னால் வந்தன. வண்டியிலிருந்து தன் துணி மூட்டையை இறக்கினாள்.

"அப்ப நான் பஸ்ஸுல போய்க்கறனுங்க," என்றாள்.

பொங்கியண்ணன் அவளைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். பின்னால் கிடங்குத் தகரமெல்லாம் அதிர எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க போற அம்மணி?" என்று அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினார். "வண்டி கிளம்ப மாட்டேங்குது. வந்து கையை வை."

சுந்தரராஜுலு இருவரையும் பார்த்துவிட்டு, கந்தைத் துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார். பாவாத்தாள் நடந்து வந்து குலுங்கிக்கொண்டிருந்த பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"இப்பக் கிளம்பிருச்சுங்க," என்றாள்.

"அப்படிச் சொல்லு," என்று பொங்கியண்ணன் அவள் மூட்டையைத் தூக்கி முன்சீட்டில் போட்டார். அந்த லாரி ஓடிய காலம் வரைக்கும் பாவாத்தாள் கை வைக்காமல் ஒரு நாளும் கிளம்பியதில்லை.