வரதன் காலில் சிப்பி

1986 ஆடி மாதம், ஏரியிலிருந்து நானூறு அடி தள்ளி, பழவேற்காட்டில் பஷீர் கடையின் பின்னறையில், தோணிரேவுக் குப்பத்து மீனவன் வரதனின் கால்களில் சிப்பி முளைத்தது. முதல் வாரம் ஒன்பது என்றார்கள். எண்ணியவர் சரியாக எண்ணினாரா, தெரியாது. யாரும் வாய் பிளக்கவில்லை. அசையாமல் கிடந்தால் படகிலும் சிப்பி ஒட்டும், வலை கட்டும் கழியிலும் ஒட்டும்.

பஷீர் துபாயிலிருந்து கொண்டுவந்த டிவி கேமின் முன் அவன் உட்கார்ந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. ஒரு சதுரம் மற்ற சதுரங்களைச் சுட்டது, அவ்வளவுதான் விளையாட்டு. முன்பெல்லாம் கூட்டாளி நீலமேகத்தோடு ஆடுபுலி ஆடுவான். நாலு ஆடு போனதும் நீலமேகம் கல்லை வாரி வீசி, வரதனின் வம்சத்தையே திட்டிவிட்டுச் சோற்றுக்குப் போய்விடுவான். ஆட்டம் முடிந்துவிடும். இந்தப் பெட்டிக்குக் கோபமும் இல்லை, பசியும் இல்லை. தோற்றவனைப் பீப்பீ என்று ஊதி மறுபடி கூப்பிட்டது. எதிராளி எழுந்து போகாவிட்டால் தானே எழுந்து வரும் அளவுக்கு வரதனுக்குப் புத்தி இருந்ததாக ஊரில் யாரும் சொன்னதில்லை.

அவன் மனைவி இருசம்மாளுக்குச் சிப்பியைப் பற்றிக் கவலையில்லை. வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுப் பாடு. ஏரியில் வலை கட்டும் இடத்தைச் சீட்டுக் குலுக்கி வீட்டுக்கொரு நாளாகப் பிரிப்பதுதான் பாடு. அன்றைக்கு வீட்டு ஆண்பிள்ளை தண்ணீரில் நிற்காவிட்டால் அந்த வருஷத்து முறை முழுக்கப் போய்விடும். பிறகு அடுப்பில் பூனைதான்.

"இன்னாயா, பாட்டுக்கு வர்றியா இல்லியா?"

"தோ, இத்த முடிச்சுட்டு வந்துர்றேன்."

"நாப்பது நாளா அதே இத்தத்தான் முடிக்கிற. அந்தப் பொட்டியா வந்து தண்ணில நிக்கும்?"

அவன் கட்டைவிரல்கள் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தன. வெள்ளிக்கிழமை விடியலில் அவளும் நீலமேகமும் அவனைப் பெஞ்சோடு தூக்கிப் படகில் ஏற்றினார்கள். ஏரியில் அவனைப் பெஞ்சிலிருந்து நிமிர்த்தி, இடுப்பளவு தண்ணீரில் சேற்றில் ஊன்றி, வலையின் ஒரு முனையை அவன்மேல் கட்டினாள்.

"இவன் நிக்கிறானா, நட்டு வெச்சுகிறாளா?" என்று பக்கத்துப் படகில் சிரித்தார்கள்.

ஊர்த்தலைவர் சம்பந்தம் சுற்றிவந்து பார்த்தார். "ஆம்பள. தண்ணில கீறான். பாடு செல்லும்."

தண்ணீருக்கடியில் வரதனின் கட்டைவிரல்கள் பட்டன் அழுத்துவதை நிறுத்தவில்லை. அந்தத் துடிப்புக்கு இறால் கூட்டமாக வந்தது. பாடு முடிந்த பிறகும் அவனை யாரும் பிடுங்கவில்லை.

1988இல் தோள்வரை சிப்பி. அந்தப் பக்கத்தில் அவ்வளவு உறுதியான கழி வேறில்லை என்று மற்ற வீட்டுக்காரர்களும் தங்கள் முறையில் அவன்மேல்தான் வலை கட்டினார்கள். இருசம்மாள் கஞ்சி ஊட்டப் போகும்போதெல்லாம் அவன் சொல்வது ஒன்றுதான்: "தோ, இத்த முடிச்சுட்டு வந்துர்றேன்."

"முடி, முடி," என்பாள் இருசம்மாள், கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிக்கொண்டே. "அவசரமேயில்ல."