மரியாதைக்கு அணைத்த அடுப்பு

ஜன்னல் கம்பியை அக்கா மறுபடியும் துடைத்தாள். துணி மறுபடியும் கறுத்தது. ஜன்னலை ஒட்டிய கட்டிலில் அம்மா கிடந்தாள், விடிகாலையில் மூச்சு நின்றதிலிருந்து அப்படியே. இருமாமல் படுத்திருக்கும் அம்மாவைப் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது.

தம்பி துறைமுகத்திலிருந்து நேராக, பெட்டியும் கையுமாக வந்து சேர்ந்தான். கப்பலேறித் துருவக் கடலுக்குப் போய், அங்கே காற்றில் எவ்வளவு கரி மிதக்கிறது என்று அளப்பது அவன் உத்தியோகம். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுது தீர்க்கட்டும் என்றுதான் அக்கா இருந்தாள். முடியவில்லை.

"ஆளே இல்லாத கடல்ல புகையைத் தேடிப் போனியே, இந்த ஜன்னல் உன் கண்ணுக்குத் தெரியலையாடா? அடுத்த லீவுல அளந்து எழுதித் தரேன், அந்தப் பேக்கரி அடுப்பை மூட வச்சிடலாம்னு சொன்னே. அம்மா அதையே நம்பிக்கிட்டுக் கிடந்தா."

"அங்க விழற கரி பனியையே உருக்குதுக்கா..."

"உன் கப்பல் விடற புகை?"

"காத்து திரும்பி எங்க புகை எங்க மேலயே வந்தா, காத்தை இழுத்து அளக்கற பம்பை நிறுத்திடுவோம். சொந்தப் புகை கணக்குல வராது."

"அம்மாவும் உன் கணக்குல வரலை, பாத்தியா."

பன் பையோடு பேக்கரிக்காரர் உள்ளே வந்தார். பின்சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பேக்கரி. புகைக்கூண்டு இந்த ஜன்னலைப் பார்த்தே நின்றது. எண்ணெய் ஊறிய பழைய பலகைதான் விறகு. எப்போது கேட்டாலும், "அணைச்சா அடுப்பு மறுபடி சூடேறவே ரெண்டு நாளாகும்மா, என் பொழப்பு போயிடும்" என்று கையை விரிப்பார்.

"பெரியம்மாவுக்கு மரியாதையா இன்னைக்கு அடுப்பை அணைச்சுட்டேன்" என்றார்.

பெரிய மனசு என்று துக்கத்துக்கு வந்தவர்களில் யாரோ சொன்னார்கள். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அணைக்க முடியுமாம்! இத்தனை வருஷமும் முடிந்திருக்கிறது. சாகட்டும் என்று காத்திருந்து அணைத்திருக்கிறான், பாவி.

தம்பி பெட்டியைத் திறந்து சின்னப் பம்பை எடுத்தான். கரி படிந்தால் கறுக்கும் வட்டமான வெள்ளைத் தாள் ஒன்றை அதில் பொருத்தி ஜன்னலில் வைத்து ஓடவிட்டான். அது இரைந்துகொண்டே இருந்தது. தாள் வெள்ளையாகவே இருந்தது.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லக்கா. நாளைக்கு..."

"நாளைக்கு நீ கப்பலுக்குப் போயிடுவே."

அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள். பேக்கரிக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிசைஞ்ச மாவு வீணாப் போயிடும்ல? போய் அடுப்பைப் பத்த வைங்க. எப்பவும் போடற பலகையையே போடுங்க. வீணாக்கினா அம்மாவுக்குப் பிடிக்காது."

"பெரியம்மா இன்னும் வீட்டுல இருக்காங்களேம்மா..."

"இத்தனை நாளும் வீட்டுலதானே இருந்தாங்க?"

அவர் வந்ததைவிட வேகமாகப் போனார்.

அம்மாவை எடுத்துப் போக வாசலில் வண்டி வந்து நின்றபோது முதல் புகை ஜன்னலுக்குள் நுழைந்தது. பக்கத்து வீட்டுக்காரி இருமிக்கொண்டே ஜன்னல் கதவைச் சாத்த எழுந்தாள். அக்கா குறுக்கே கையை நீட்டித் தடுத்தாள். அம்மாவின் போர்வைமேல் பொடிப்பொடியாகக் கரி இறங்கியது. பம்பு ஓடியது. தாளின் நடுவில் லேசாகச் சாம்பல் நிறம் ஏறியது.

"எடுத்துடலாமா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

தம்பி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருங்க" என்றான். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."