ஜோதிகா என்று ஒருத்தி வேலை பார்க்கவில்லை

கனடா வேலைக்குக் கேட்ட இங்கிலீஷ் பரீட்சையில் ஜோதிகா தேறிவிட்டாள். சொல்லிக் குதிக்க ஹாஸ்டல் அறையில் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் சினிமாவுக்குப் போயிருந்தார்கள். இருந்திருந்தாலும் "நதியா பாஸாயிட்டா" என்றுதான் குதித்திருப்பார்கள்.

நதியா அவளுடைய அக்கா. பதினாறு வயதில் ஜோதிகா மங்கலம் ரோட்டு பனியன் கம்பெனிக்கு வந்தபோது வயசு பத்தாது என்றார்கள். அம்மா தயங்காமல் அக்காவின் ஆதாரை எடுத்து நீட்டினாள். ஜாடை ஒன்றுதானே, யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? பதினெட்டு முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு. அந்தப் பேச்சோடு சரி. அக்கா விளாத்திகுளத்தில் கல்யாணம் கட்டிப் பிள்ளை வளர்த்தாள். அவள் பெயரில் தங்கை இங்கே ஓவர்லாக் தையல் மிஷின் மிதித்தாள்.

பேச்சுத் தேர்வுக்குக் கோயம்புத்தூர் போனபோது, எதிரே இருந்த அம்மாள் முதலில் அவளை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டார். ஜோதிகா என்றாள். அதன் பிறகு அந்த அம்மாள் வாய்க்கு வாய் ஜோதிகா, ஜோதிகா என்று கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து அவர் தண்ணீரை நகர்த்தி வைத்தார். பயமாவது ஒன்றாவது! அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

இனி கனடா ஏஜென்ட் கேட்ட அனுபவச் சான்று ஒன்றுதான் பாக்கி. திங்கட்கிழமை கம்பெனி மேனேஜர் சசிகுமார் முன்னால் தன் சொந்தப் பெயரில் எடுத்த பாஸ்போர்ட்டை வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நல்ல மனுஷர். கம்ப்யூட்டரைத் தேடிப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"நதியான்னா இன்னைக்கே லெட்டர் குடுத்தர்லாம் அம்மிணி. ஜோதிகான்னு ஒருத்தரும் இங்க வேல பாக்கலீங்களே. பி.எஃப். எல்லாம் அந்தப் பேருலதான இருக்குது."

"பார்த்தது நான்தான சார்?"

"எனக்குத் தெரியுதுங்க. பேப்பருக்குத் தெரியோணுமே."

ராத்திரி வரை பொறுக்காமல் சாப்பாட்டு நேரத்திலேயே அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏட்டி, அப்ப கனடாவுக்கு நான் போய்ட்டு வரவா?" விளையாட்டாகத்தான் கேட்டாள். ஜோதிகாவுக்குச் சுருக்கென்று தைத்தது. கோபம் அக்கா மேலா, ஆதாரை நீட்டிய அம்மா மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. போனை வைத்துவிட்டு நேராக ஆபீஸுக்குப் போனாள்.

"நதியா வேலைய விட்டுட்டா சார். என் பேர்ல புதுசா சேர்த்துக்கோங்க."

"டிரெய்னி சம்பளந்தாங்க வரும். சர்வீசும் மொதல்ல இருந்து. நல்லா யோசிங்க."

"யோசிச்சுட்டேன் சார்."

அடுத்த வாரம் புது ஆட்களோடு வரிசையில் நின்று விரல் பதித்தாள். லைன் சூப்பர்வைசர் அழகுமலை அவளைப் பழைய மிஷினிலேயே உட்கார வைத்து, "இது ஜோதிகாங்கோ, புதுசு" என்றார். லைன் முழுவதும் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

டீ நேரத்தில் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, கூட வேலை பார்க்கும் ராமுத்தாய் குரல் கொடுத்தாள்: "நதியா! வாட்டி, உனக்கு வடை வாங்கியிருக்கேன்."

ஜோதிகா திரும்பவில்லை. "எங்க போனா இவ?" என்று ராமுத்தாய் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு அந்த வடையை வேறு யாருக்கோ கொடுத்தாள். ஜோதிகா என்றும் யாராவது கூப்பிடுவார்கள் என்று அவள் டம்ளரைக் கையில் பிடித்தபடி மணி அடிக்கும் வரை நின்றாள்.