டொக்டர் அருள்நாயகத்தின் இந்தோனேசியா

டொக்டர் அருள்நாயகத்தை நான் முதன்முதலில் கண்டது கனடாவில், மார்க்கம் என்ற நகரத்தில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில். ஆள் வைத்தியர் அல்ல. மொழி ஆராய்ச்சிக்காகப் பட்டம் வாங்கியவர். சுற்றுலாப் பயணிகளுக்கு இந்தோனேசிய மொழியை எப்படிக் கற்பிப்பது என்பதுதான் அந்த ஆராய்ச்சி. கையில் பாதி கடித்த மட்டன் ரோலை வைத்துக்கொண்டு மேசையில் இருந்த எட்டுப் பேருக்கும் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

“அந்தச் சனத்தின்ரை மொழியிலை காலமே இல்லை,” என்றார். “நேற்று, இண்டைக்கு, நாளைக்கு எண்டு வினைச்சொல் மாறாது. அதாலைதான் அவையளுக்குக் கவலை இல்லை. எப்பவும் சிரிச்ச முகம்.”

நான் அந்த நாட்டில் எட்டு வருடம் கிடந்தவன். இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கென்று படகில் வெளிக்கிட்டு நடுவழியில் பிடிபட்டேன். இரண்டு வருடம் தடுப்பு முகாம். மிச்சம் ஆறு வருடம் பொகோர் நகரத்துக்கு மேலே, சிசருவா என்ற மலையூரில் ஓர் அறை. வேலை செய்யவும் படிக்கவும் அனுமதி இல்லை. மாதம் ஒரு தரம் ஜகார்த்தாவுக்குப் போய் என் அகதி விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்பேன். “பெலும்,” என்பார்கள். இன்னும் இல்லை என்று அர்த்தம். அந்த மொழியில் காலம் இல்லை என்று ஒருவர் ரோல் தின்றுகொண்டே சொல்லும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும்?

“காலம் காட்டுறதுக்கு வேறை சொல்லுகள் இருக்கு, டொக்டர்,” என்றேன்.

“நீர் எங்கை படிச்சனீர்?”

“படிக்கேல்லை. இருந்தனான்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரோலுக்குத் திரும்பினார். ஆனால் கேக் வெட்டி முடிந்ததும் தன் அட்டையோடு என்னிடம் வந்தார். அவருடைய ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஒரு குரல் தேவைப்பட்டது.

அவர் இந்தோனேசியாவுக்கு மூன்று முறை போயிருந்தார். எல்லாம் சேர்த்து ஐந்து கிழமை. எல்லாமே நீச்சல் குளம் உள்ள ஹோட்டல்கள். அதை அவர் களஆய்வு என்று சொன்னார்.

கிழமை முழுக்க பிறம்ரன் நகரத்தில் வெயர்ஹவுஸ் ஒன்றில் பெட்டி தூக்கும் போர்க்லிவ்ற் வண்டி ஓட்டுகிற நான், சனிக்கிழமைகளில் அவர் படிப்பிக்கும் கல்லூரிக்குப் போகத் தொடங்கினேன். ஏன் போனேன் என்று என் மனைவி நிலாணி கேட்டாள். மறைக்க ஒன்றுமில்லை. அந்த எட்டு வருடத்தில் நான் சேர்த்த ஒரே சொத்து அந்த மொழிதான். கனடாவில் முதல் தடவையாக ஒருவர் அதைக் கேட்டார்.

அவருடைய பாடப்புத்தகத்தின் பெயர் ‘புன்னகையின் மொழி’. பன்னிரண்டு பாடங்கள். ஏழாம் பாடத்தில் ஒரு பயணி சந்தையில் மீன் விற்கும் பெண்ணைப் பார்த்து, உங்களைப் படம் எடுக்கலாமா என்று கேட்பான். அவள், தாராளமாக எடுங்கள், எங்கள் ஊர் அழகானது என்பாள். அவன் நன்றி சொல்லுவான். அவளும் நன்றி சொல்லுவாள்.

“என்ன மீன் வேணுமெண்டெல்லோ அவ கேப்பா?” என்றேன்.

“அது இந்தப் பாடத்தின்ரை நோக்கம் இல்லை, தம்பி.”

“ஒருத்தரும் மீன் வாங்க மாட்டினமோ?”

ஒலிப்பதிவு செய்யும் மாணவி நடாஷா தலையைக் குனிந்து சிரித்தாள். இங்கேயே ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. டொக்டர் சிரிக்கவில்லை. “உம்மடை இந்தோனேசியம் தெருப்பாசை. நான் எழுதித் தாறதை அப்பிடியே வாசியும்,” என்றார்.

தெருப்பாசைதான். அதை எனக்குத் தந்தவள் ஈஸ். சிசருவாவில் பெரிய றோட்டோரம் அவளுக்கு ஒரு சோற்றுக்கடை. என்னைவிடப் பத்து வயது கூட. கடைக்கு வெளியே வெறுமனே நின்றுகொண்டிருந்த என்னை ஒரு நாள் உள்ளே கூப்பிட்டு, முன்னால் ஒரு கூடை சின்ன வெங்காயத்தை வைத்தாள். சம்பளம் என்றால் சட்டப்பிழை. சாப்பாடு என்றால் ஒருவரும் கேட்க முடியாது என்றாள். ஆறு வருடம் அங்கே வெங்காயம் உரித்தேன். அவளும் அவளுடைய வாடிக்கைக்காரரும் பேசியதுதான் என் மொழி.

டொக்டர் என்னை வாசிக்க வைத்தது ‘புடி’ என்ற பாத்திரத்தை. யோக்யகர்த்தாவில் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்பவன். ஒலிப்பதிவில் என் பெயர் வராது.

“உம்மடை பேரைப் போட்டால் கேள்வி வரும். பயணிக்கு அசல் ஆளின்ரை குரல் வேணும்,” என்றார்.

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. என் பெயர் புடி, உங்களுக்கு உதவுவதில் மகிழ்ச்சி என்று நாற்பது தடவை சொன்னேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, நோர்த் யோர்க்கில் நூலக மண்டபம் ஒன்றில் புத்தக அறிமுகம் நடந்தது. இந்தோனேசியச் சுற்றுலாவுக்குப் பதிந்திருந்த முப்பது பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆட்கள். சுற்றுலா நிறுவனத்தை நடத்தும் கிளிபோட் என்பவரும் வந்திருந்தார். சிறப்பு விருந்தினர் யூயுன் என்ற பெண்மணி, பாண்டுங் நகரத்தில் மொழி ஆசிரியை, இங்கே மகளிடம் வந்திருந்தவர். டொக்டர் அந்த நாட்டுப் பூவேலைப் பத்திக் சேர்ட் அணிந்து, அவரை இந்தோனேசிய மொழியில் வரவேற்றார். நாலு வாக்கியம். நாலும் புத்தகத்தின் முதலாம் பாடத்தில் இருந்தவை.

“உங்கள் இந்தோனேசியம் மிக நன்று,” என்றார் யூயுன். டொக்டர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சபைக்கும் சொன்னார். அந்த நாட்டில் காலை வணக்கம் மட்டும் சொல்லத் தெரிந்தவனுக்கும் இந்தப் பாராட்டுக் கிடைக்கும். உண்மையாகவே பேசுகிறவனை ஒருவரும் பாராட்டுவதில்லை. எந்தத் தெருவில் இருக்கிறாய், கலியாணம் முடித்தாயா என்று விசாரணை தொடங்கிவிடும். ஆராய்ச்சியாளருக்கு அது தெரியாது. நான் பின்வரிசையில் இருந்து ரசித்தேன்.

பிறகு புடியின் குரலைப் போட்டார்கள். யூயுன் காதைச் சாய்த்துக் கேட்டார். முகத்தில் சிரிப்பு வந்தது.

“இவர் யோக்யகர்த்தா ஆள் இல்லையே,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். “வாக்கியத்துக்கு வாக்கியம் ‘மா’, ‘தே’ என்று இழுக்கிறார். அது பாண்டுங், பொகோர்ப் பக்கத்து எங்கள் சுண்டா மக்களின் பேச்சு. அதுவும் ஆண்பிள்ளைப் பேச்சு இல்லை. யாரோ சாப்பாட்டுக்கடைக்காரி பேசப் பழக்கியிருக்கிறாள்.”

எழுதித் தந்ததை வாசிக்கும்போது என்னை அறியாமல் ஈஸின் இழுவை நுழைந்திருக்கிறது. நாற்பது தடவையும் டொக்டர் பக்கத்தில் இருந்துதான் கேட்டார். ஒரு தடவைகூட அவர் காதில் விழவில்லை.

“புடி சின்ன வயதில் பொகோரில் இருந்தவர்,” என்றார் டொக்டர், கண் வெட்டாமல்.

நடாஷா எழும்பினாள். “சொறி, டொக்டர். ஐ காண்ட். அது றெமிஜியஸ் அங்கிள். ஹி இஸ் றைற் தெயர்.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழும்பி, தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். படகு, முகாம், மாதாமாதம் ஜகார்த்தா, ஈஸின் வெங்காயக் கூடை. முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்தார். டொக்டரின் முகம் இறுகியதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. இத்தோடு இந்த மனிதனின் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

நான் அவரைக் குறைத்து எடைபோட்டிருந்தேன். மைக்கை வாங்கி, “இதுதான் பண்பாட்டுச் சுற்றுலா,” என்றார். “இந்தத் தருணத்தை உருவாக்கத்தான் நான் இந்தக் குரலைத் தேர்ந்தெடுத்தேன்.” கைதட்டினார்கள். கோப்பி ஊற்றி முடியுமுன் அவரும் கிளிபோட்டும் புதிய பயணத் திட்டம் ஒன்று போட்டுவிட்டார்கள். அகதிகளுக்குச் சோறு போட்ட பெண்ணின் கடையில் அரைநாள். அவளோடு சேர்ந்து வெங்காயம் உரிக்கலாம். ‘நம்பிக்கைப் பாதை’ என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

டொக்டர் என்னை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். “தம்பி, அந்தக் கடை எங்கை? லொகேஷனை ஒருக்கா அனுப்பிவிடும்.”

“கடை இல்லை,” என்றேன்.

“இல்லையெண்டால்?”

“றோட்டைப் பெருப்பிக்கேக்கை இடிச்சுப்போட்டாங்கள். அவவும் செத்துப்போனா.”

“அச்சச்சோ,” என்றார். கோப்பியில் ஒரு மிடறு குடித்தார். “பக்கத்திலை வேறை கடையள் இருக்குத்தானே?”

நான் வெளியே வந்தேன். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் வீடு வரும்வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை. நிலாணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துவைத்த உடுப்புகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“உயிரோடை இருக்கிற மனுசியை ஏன் சாகடிச்சனீங்கள்?”

“உந்த மோட்டுக் கூட்டம் அவவைப் போய் வேடிக்கை பாக்க நான் விடமாட்டன்.”

“அவவிட்டைக் கேட்டனீங்களோ?”

இவளுக்கு விளங்காது என்று நினைத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

தை மாதத்தில், வேலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஈஸிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அங்கே நடுச்சாமம், கடை சாத்திவிட்டு இருந்தாள். வழக்கமாக என்ன சாப்பிட்டாய் என்றுதான் தொடங்குவாள். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே குரல் உயர்ந்திருந்தது. அவள் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன்.

“ரண்டு கடை தள்ளி என்ரின் எண்டு ஒருத்தி இருக்கிறாளே, அவளின்ரை கடைக்கு பஸ்ஸிலை வெள்ளைக்காரர் வருகினம். வெங்காயம் உரிச்சு, அழுது, படம் எடுத்துக்கொண்டு போகினம். இலங்கைப் பெடியன் ஒருத்தனுக்கு ஆறு வருசம் சோறு போட்டனான் எண்டு அவள் சொல்லுறாள். உன்ரை பேரைச் சொல்லுறாள், றெமி. உனக்கு ஒரு வாழைப்பழமாவது தந்திருப்பாளோ அவள்?”

நான் உண்மையைச் சொன்னேன். அவள் செத்துப்போனதாகச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். கடை இடிந்துபோனதாகச் சொன்னேன் என்றேன்.

“ஏன்?”

“அவங்கள் மோட்டு ஆக்கள். உன்னைக் காட்சிப்பொருள் மாதிரிப் பாப்பாங்கள்.”

“சோத்துக்கடை வைச்சிருக்கிறவளை நாலு பேர் பாக்காட்டில் அவள் என்ன செய்யிறது?” என்றாள் ஈஸ். “கடைக்கு வாறவன் மோடனோ கெட்டிக்காரனோ எண்டு நான் எப்ப பாத்தனான்? அப்பிடிப் பாத்திருந்தால் உன்னை உள்ளை விட்டிருப்பனோ?”

அவள் சிரிக்கவில்லை. கூரை ஒழுகுவதையும் போன மழைக்காலம் முழுக்க மூன்று மேசையை மூடி வைத்திருந்ததையும் சொன்னாள். எனக்கு அவள் அதுவரை சொல்லாத விசயம். நான் கேட்டதுமில்லை. அந்த மண்டபத்தில் அவளை வைத்துத்தான் நான் டொக்டரை வென்றேன். அவளுக்கு அதில் ஒரு வாடிக்கைக்காரனும் கிடைக்கவில்லை.

அன்று பின்னேரம் கார்ப் பார்க்கில் இருந்தே டொக்டருக்கு அழைத்தேன். அவரை அதுவரை நான் அண்ணை என்று கூப்பிட்டதில்லை.

“அண்ணை, அந்த ஈஸ் உயிரோடைதான் இருக்கிறா. கடையும் இருக்கு. நான் பொய் சொன்னனான்.”

கோபிப்பார் என்று காத்திருந்தேன். அதற்குக்கூட அவருக்கு நேரமில்லை. “அப்ப நல்லது. ஒரு பஸ் ஈஸிட்டை, மற்ற பஸ் இப்ப போற கடைக்கு. நான் கிளிபோட்டோடை கதைக்கிறன்.”

“ஆர் உண்மையான ஆள் எண்டு வாற ஆக்களுக்குச் சொல்லவேணுமெல்லோ?”

“அவைக்கு அது என்னத்துக்கு, தம்பி? சரி, நீர் சனிக்கிழமை வாரும். பதின்மூண்டாம் பாடம் ஒண்டு சேர்க்கவேணும். சாப்பாட்டுக்கடை.”

போனேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: அந்தப் பாடத்தில் பயணி படம் எடுக்க அனுமதி கேட்கக்கூடாது. இண்டைக்கு என்ன கறி என்று கேட்டு, ஒரு தட்டுச் சாப்பாடு வாங்கவேண்டும். டொக்டர் யோசித்துவிட்டு, அது கற்பித்தல் முறைக்கு முரண் இல்லை என்றார். என் பெயரைப் போடச் சொல்லி நடாஷா அவரோடு சண்டை பிடித்தாள். கடைசிப் பக்கத்தில், நன்றிப் பட்டியலில், சிறிய எழுத்தில் போட்டார்கள். ஓர் எழுத்துப் பிழையோடு.

ஈஸின் கடைக்குப் போன முதல் பஸ்ஸோடு டொக்டரும் போயிருந்தார். ஈஸ் படம் அனுப்பினாள். பத்திக் சேர்ட்டோடு வாங்கில் இருந்து வெங்காயம் உரிக்கிறார், மூக்கு சிவந்திருக்கிறது. நல்ல மனுசன், இரண்டு தட்டுச் சாப்பிட்டார், எல்லாருக்கும் தேத்தண்ணி சொன்னார் என்று எழுதியிருந்தாள். படத்தை நிலாணியிடம் காட்டினேன். “அவவின்ரை முகத்தைப் பாருங்கோ, எவ்வளவு சந்தோசம்,” என்றாள். நான் டொக்டரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தியை அவர் தலைகீழாகப் பிடித்திருந்தார்.