அம்சவல்லி வீட்டு லைன்

1

இந்தக் கதை ஒரே ஒரு பேச்சாகத்தான் என்னிடம் வந்தது. மன்னார்குடியில் என் வீட்டு வைஃபை படுத்துக்கொண்டபோது ஒயர் மாற்ற வந்த பகலவன், ஸ்டூலில் நின்றபடியே சொன்னார்: “கிழக்க ஒரு ஊர்ல, சார், வீட்டுக்காரருக்குக் கண்ணு இல்ல. அந்தம்மாவுக்குக் குரல் இல்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல நம்ம லைன்தான்.”

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. ஆகையால் இனி வரும் பெயர்களும் வீடும், நடந்ததாக நான் சொல்லப்போகிற எல்லாமும் என் பொறுப்பு.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

தை மாதத்து இளவெயில் அறுப்பு முடிந்த தாள்களின் மேல் பொன்னாக

அடித்துவிட்டேன். அந்த வீட்டுக்காரர் மருதையனுக்கு வெயில் சூடாக மட்டுமே தெரியும். அவர் மனைவி அம்சவல்லிக்கு அன்றைக்கு எதையும் பார்க்க மனமில்லை. பிறகு யாருக்காக அந்தப் பொன்?

2

அம்சவல்லி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே அவள் குரல் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிடும். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. தஞ்சாவூரில் அறுவை செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் மூச்சு விட ஒரு துளை, அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி.

அவள் கணவர் மருதையன் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டியவர். சர்க்கரை அவருடைய ஒரு கண்ணை முதலில் எடுத்துக்கொண்டது, பிறகு மற்றதையும்.

(இவர்களை நம்ப எனக்கே நாளாயிற்று. கதைக்கென்று சேர்த்துவைத்த ஜோடி மாதிரி இருக்கிறார்கள். மருதையனுக்கு மங்கலாகவாவது பார்வை கொடுத்து ஒரு பக்கம் எழுதினேன். பகலவன் சொன்னதை மாற்ற எனக்கு உரிமையில்லை என்று தோன்றவே, கொடுத்த பார்வையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அது நல்ல காரியமாகப் படவில்லை.)

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் பூவிழி ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினாள். அதில் தட்டச்சு செய்தால் பேசும். முதல் நாள் அது “ஏங்க” என்றதும் மருதையன் சிரித்துவிட்டார். “யாரோ டவுன் பொம்பள வந்து என்னை ஏங்கங்கிறா.” பிறகு பழகிப்போயிற்று. மழை வருமா, மாத்திரை போட்டீங்களா, ரெத்தினம் அக்கா வீட்டு ஆடு குட்டி போட்டுருக்கு என்று அந்த டவுன் பொம்பளையே வீட்டில் எல்லாம் பேசினாள்.

ஆனால் அந்தக் குரல் டேப்பில் இல்லை. எங்கேயோ இருந்து வைஃபை வழியாக வருகிறது. வைஃபை நின்றால் அம்சவல்லியும் நின்றுபோவாள். அந்த வேளைகளுக்கு மட்டும் இருவரும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். அவர் கேட்பார், அவள் அவர் உள்ளங்கையில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை.

(நெட் இல்லாமலே பேசுகிற குரல்களும் உண்டாம். பூவிழிக்குத் தெரியாது. இதை எழுதப்போய்த்தான் எனக்கே தெரிந்தது. தெரிந்து என்ன, அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வழியில்லை.)

3

செக்கப்புக்கு அம்சவல்லி தனியாகத்தான் பஸ் ஏறினாள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “திரும்ப வந்திருக்கும்மா. இந்தத் தடவ நுரையீரல்ல. இனிமே ஆபரேஷன் பண்ண முடியாது.” அவள் துண்டுக் காகிதத்தில் ‘அப்புறம்?’ என்று எழுதி நீட்டினாள். “வலி இல்லாம பாத்துக்கலாம்,” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வழி நெடுக அவள் வாக்கியம் தேடிக்கொண்டு வந்தாள். (நானும்தான். எத்தனை விதமாக எழுதினாலும் அந்தச் செய்திக்கு நல்ல வாக்கியம் அமையவில்லை.)

மருதையன் கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். செருப்புச் சத்தம் கேட்டதுமே, “வல்லி, என்ன சொன்னாரு?” என்றார்.

அவள் துணியைக்கூட மாற்றாமல் டேப்பை எடுத்தாள். தட்டினாள். அது பேசியது.

“ஏங்க. டாக்டர் ஸ்கேன் பாத்தாரு. மறுபடியும்”

நின்றுவிட்டது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே ‘இணைக்கப்பட்டுள்ளது, இணையம் இல்லை’ என்று வந்தது.

“மறுபடியும் வரச் சொன்னாரா?”

இரண்டு தட்டு.

“மறுபடியும் மாத்திரை மாத்திட்டாரா?”

இரண்டு தட்டு.

சரியான கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. அதைக் கேட்டிருந்தால் ஒரே தட்டில் எல்லாம் முடிந்திருக்கும். அவர் கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“சரி. லைன் வரட்டும். நீயே சொல்லு.”

நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. பக்கத்து வீட்டு ரெத்தினத்தைக் கூப்பிட்டு டேப்பில் இருப்பதைப் படித்துக் காட்டச் சொல்லலாம். பூவிழிக்கு எழுதி அனுப்பினால் அவளே அப்பாவுக்குப் போன் போடுவாள், அழுதுகொண்டாவது. அம்சவல்லி இரண்டையும் நினைத்துப் பார்த்தாள். அந்த வாக்கியம் இன்னொருத்தர் வாயிலிருந்து வருவது அவளுக்குப் பிடிக்கவில்லை. டேப்பின் வாயும் இன்னொருத்தர் வாய்தானே என்றால், விரலாவது அவளுடையது.

4

வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டாள். வந்தது, போனது. டேப்பை அணைத்துப் போட்டாள். பாஸ்வேர்டைப் புதிதாக அடித்தாள். பெட்டி பீரோவுக்குப் பின்னால் இருந்தது, இரும்பு மறைக்கிறதோ என்று ஒயர் எட்டும் மட்டும் இழுத்து ஜன்னலில் வைத்தாள். போன அறுப்பில் வைக்கோல் லாரி ஒயரை இழுத்துக்கொண்டு போனதால் வாசலுக்கும் போய்ப் பார்த்தாள். ஒயர் கம்பத்திலிருந்து சுவர் வரை ஒழுங்காகத்தான் தொங்கியது.

செல்போன் சிக்னல், அழைத்துப் பேசும் அளவுக்குத்தான் அந்த வீட்டில் கிடைக்கும். நெட் வேண்டுமானால் வாய்க்கால் கரைக்குப் போகவேண்டும். கண் தெரியாதவரைக் கைப்பிடித்துக் கரைக்கு அழைத்துப்போய், அங்கே போகிற வருகிறவர்கள் நடுவே இதைச் சொல்வதா.

சோதித்துப் பார்க்க ‘ஏங்க’ என்று மட்டும் அடித்து அழுத்தினாள். சத்தமில்லை. திரும்ப அழுத்தினாள். திரும்பத் திரும்ப அழுத்தினாள். பிறகு லைன் எப்படியோ ஒரு நொடி வந்தது போலிருக்கிறது, அழுத்தியதெல்லாம் சேர்ந்து கொட்டியது.

“ஏங்க. ஏங்க. ஏங்க. ஏங்க.”

“இங்கதான் இருக்கேன் வல்லி,” என்றார் மருதையன்.

அடுத்த வார்த்தையை அவள் அடித்து முடிப்பதற்குள் வட்டம் மறுபடி சுற்றத் தொடங்கியது.

5

கடைசியில் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். பேசியவன் இளைஞன். செம்மொழி என்று பெயர் சொன்னான்.

“சார், பாக்ஸ்ல என்ன லைட் எரியுது?”

“எனக்குக் கண்ணு தெரியாது தம்பி.”

“சாரி சார். வீட்டுல வேற யாரு இருக்காங்க? அவங்ககிட்ட குடுங்க.”

“என் வீட்டுக்காரம்மா இருக்கா. அவ பேசமாட்டா. ஆபரேஷன் பண்ணியிருக்கு.”

அந்தப் பக்கம் பின்னணியில் வேறு யார் யாரோ வேறு யார் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“சார்,” என்றான் செம்மொழி, “அப்ப நான் எப்படிக் கேட்கட்டும்?”

“ஆமா இல்லன்னு பதில் வர்ற மாதிரி கேளு. அவ என் கையில சொல்லுவா, நான் உன்கிட்ட சொல்றேன்.”

அப்படித்தான் நடந்தது. அம்சவல்லி ஒரு கையில் டேப்பும் மறுகையில் அவர் கையுமாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பச்சை எரியுதா? ஒரு தட்டு. “எரியுது தம்பி.” சிவப்பு? இரண்டு. “இல்லையாம்.” டேப்புல உங்க வைஃபை பேரு ரெண்டு தடவை காட்டுதா, ஒண்ணு ஃபைவ் ஜின்னு முடியுதா? அவள் பார்த்தாள். ஒரு தட்டு.

“அதான் சார் விஷயம். டேப் ரெண்டுக்கும் மாறி மாறித் தாவுது. அந்த ஃபைவ் ஜி பேர அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. மறந்துவிடுன்னு ஒண்ணு வரும். அதைக் கொடுக்கச் சொல்லுங்க.”

“வல்லி, மறந்துடச் சொல்றாரு.”

மறந்துவிடு என்பதை அவள் அழுத்தினாள். பெட்டியின் பச்சை அப்படியே இருந்தது. டேப்பில் வட்டம் நின்றது. செம்மொழி போனை வைக்கும் முன், “அம்மாகிட்ட வேற ஏதாவது கேட்கணுமா சார்?” என்றான். மருதையன், “வேண்டாம் தம்பி. அவளே இனி சொல்லிக்குவா,” என்றார்.

இந்தப் பகுதியை நான் வேண்டுமென்றே நீட்டினேன். இருவரும் ஒரே வேலையில் சேர்ந்து கைகோத்து உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. லைன் சரியாகாமல் இன்னும் கொஞ்சநேரம் இழுத்திருக்கலாம் என்று அம்சவல்லி நினைத்தாள்

(நினைத்திருப்பாள் என்று நான் நினைத்தேன்.)

6

ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். அதில் அவள், ‘மறுபடியும் ஒண்ணுமில்ல, எல்லாம் சுத்தமா இருக்காம்’ என்று அடிப்பாள். அவர் சிரிப்பார். படித்துப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதி எனக்குத்தான், அவளுக்கு இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

அவள் அப்படி அடிக்கவில்லை. அவள் அடித்தது இது. டேப் அதை ஓர் எழுத்துகூட விழுங்காமல், நாள்தோறும் பேசும் அதே தெளிவில் பேசியது:

“ஏங்க. டாக்டர் ஸ்கேன் பாத்தாரு. மறுபடியும் வந்திருக்கு. நுரையீரல்ல. இனிமே ஆபரேஷன் கிடையாதாம். நீங்க தனியா இருக்கப் பழகணும்.”

வெளியே வயலில் வைக்கோல் சுருட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மருதையன் முகத்தை அந்தச் சத்தம் வந்த பக்கம் திருப்பினார்.

பிறகு சொன்னார்: “வல்லி, லைன் மறுபடியும் கட்டாயிடுச்சு போலருக்கு. எனக்கு ஒண்ணும் கேக்கல.”

அம்சவல்லி ஜன்னலைப் பார்த்தாள். பெட்டியில் பச்சை அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

“கட்டாயிடுச்சுதானே?” என்று உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

7

ஒரு தட்டு தட்ட வைத்தேன். அவர் கையை மூடிக்கொண்டு, “பரவால்ல, நாளைக்குப் பாத்துக்கலாம்,” என்றார். அழித்தேன். இரண்டு தட்டு தட்ட வைத்தேன். அடுத்து அவர் என்ன செய்தார் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அதையும் அழித்தேன்.

வாக்கியம் திரையில்தான் இருக்கிறது. லைன் நன்றாக இருக்கிறது. மருதையன் கை இன்னும் நீட்டியபடியே இருக்கிறது. இதற்கு மேல் அவளை நான் எதுவும் செய்யச் சொல்லப்போவதில்லை. உங்களில் யாருக்காவது அவள் விரலை எடுத்து அந்தக் கையில் வைக்கத் தைரியம் இருந்தால், ஒன்றா இரண்டா என்று நீங்களே