மார்ல்ஹேவனில் குளித்த கார்

காரை அம்மா விற்றுவிடுவாள். ஹேசலின் மனதில் அது ஒன்றுதான் ஓடியது. கையில் நண்டு வாளியோடு அவள் உறைந்து நின்றாள். எதிரே அப்பாவின் பச்சை மோரிஸ் கார் பாதிச் சக்கரம் மூழ்கி, குளத்தில் இறங்கிய எருமை மாதிரி சாவகாசமாக நின்றது.

இரண்டு குளிர்காலம் கொட்டகையில் படுத்து உருண்டு அப்பா உயிர் கொடுத்த வண்டி அது. "இன்னொரு தடவை ஏதாவது வம்பு பண்ணுச்சுன்னா மறுநாளே வித்துடுவேன்" என்று அம்மா சொல்லியிருந்தாள். அதனால்தான் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி விழுந்த ஞாயிறாகப் பார்த்துக் கிளம்பி வந்திருந்தார்கள்.

மார்ல்ஹேவன் துறைமுகத்தை ஒட்டிய சாலையில் ஒரு கார்கூட இல்லை. அப்பாவுக்கு ஒரே குஷி. "பாத்தியா, நமக்குன்னே விட்டு வெச்சிருக்காங்க! மேல நிறுத்தினா காசு புடுங்குவான்." சாலை முழுக்கப் பாசி படர்ந்திருந்தது. சாலைமேல் கடல் ஏறும் என்று பலகைகூட வைத்திருந்தார்கள். "தண்ணி அந்தக் கம்பத்துக்கிட்ட வந்தா ஓடி வந்து சொல்லு" என்று ஹேசலிடம் ஒப்படைத்துவிட்டு, மீனும் சிப்ஸும் வாங்க அப்பா வரிசையில் போய் நின்றார்.

ஹேசல் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், தங்கை மேபெல் தூண்டிலில் கட்டிய பன்றிக்கறித் துண்டை முதல் நண்டு கவ்வும்வரை. அப்புறம் எங்கே கம்பத்தைப் பார்க்க?

"அக்கா, நம்ம கார் குளிக்குது" என்றாள் மேபெல்.

மதுக்கடை வாசலில் பெஞ்சுகளெல்லாம் கடலுக்கு முதுகு காட்டி, சாலையைப் பார்த்துப் போட்டிருந்தன. ஏன் என்று இப்போது புரிந்தது.

"இன்னிக்கு ஒண்ணு மாட்டிருச்சுடா!" என்று கிளாஸைத் தூக்கிக் கூவினார் ஒரு தாடிக்காரர். எல்லோரும் கை தட்டினார்கள்.

"சிரிக்காதீங்க!" ஹேசலுக்கு அழுகை முட்டியது. "சாவி அப்பாகிட்ட இருக்கு. எங்கம்மா காரை வித்துடுவாங்க!"

தாடிக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். "கதவு பூட்டியிருக்கா கண்ணு?"

"அது பூட்டவே பூட்டாது."

"அப்ப நீ உள்ள ஏறு. கியரை எடுத்துட்டு பிரேக்கை விடு. ஸ்டியரிங்கை மட்டும் நேரா புடி. டேய், கால்சட்டையை மடிங்கடா! அப்பாக்காரன் வந்து எல்லாருக்கும் ஒரு ரவுண்டு ஊத்துவான். அதுதான் இங்க வழக்கம்."

ஐந்தாறு பேர் தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தவன் கெட்ட வார்த்தையில் பாடினான். மோரிஸ் நீர் சொட்டச் சொட்ட மேட்டில் ஏறியது.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். பின்னால் தள்ளுகிறவர்கள் கண்ணில் படாமல், தன் கார் தன் மகளோடு தானாக மேடேறுவதைக் கண்டு, கையிலிருந்த பொட்டலத்தை அப்படியே விட்டார். கடற்பறவைகள் அதன்மேல் பாய்ந்தன.

"அப்பா, நான் கம்பத்தைப் பாக்கல" என்றாள் ஹேசல். "நண்டு பாத்துட்டு இருந்தேன்."

அப்பா எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தார். இப்போது அதன் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. "நான் மட்டும் என்னத்தப் பாத்தேன்? விடு. அம்மாகிட்ட மூச்சு விடக்கூடாது."

அப்பா செலவில் ஒரு ரவுண்டு முடிந்து கால்சட்டைகள் காய்வதற்குள், நாலு இருமல் இருமி வண்டி கிளம்பிவிட்டது.

வீட்டு வாசலில் அம்மா காத்திருந்தாள். அப்பா வண்டியை அணைப்பதற்குள் மேபெல் இறங்கி ஓடி, அவள் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். "எப்படி இருந்துச்சு?"

"அருமை!" என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

அம்மா காரின் முன்கதவைத் திறந்தாள். கால்மிதியின் மேல் ஒரு குட்டி நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்கடியில் கடல்தண்ணீர் சலசலத்தது. ஹேசல் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இவ்வளவு தண்ணியில நின்னுட்டு, அங்கேருந்து தானாவா ஓடி வந்துச்சு?"

"ஆமா" என்றார் அப்பா, மெதுவாக.

அம்மா பானெட்டை ஒரு தட்டு தட்டினாள். "அப்ப கெட்டிக்கார வண்டிதான். அடுத்த தடவை நானும் வரேன். கம்பத்துப் பக்கம் நான் உக்காந்துக்கறேன்."

"கம்பம்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார் அப்பா.

மேபெல் நண்டைப் பிடிக்கக் காருக்குள் வேகமாகக் குனிந்தாள்.